பயிற்சி வீடியோவைக் குறும்படமாக்க வேண்டாம்

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். திரைப்படக் கற்கையில் சேர்ந்து இரண்டு மாதம். வாரத்துக்கு ஒரு நிமிட வீடியோ ஒன்று செய்து கொடுக்க வேண்டும். மூன்று முடித்துவிட்டார். மூன்றாவது, ‘காத்திருப்பு’ என்ற தலைப்பில் கல்முனை பஸ் நிலையத்தில் எடுத்தது. 60 செக்கனுக்குள் 31 ஷொட் (வெட்டில்லாமல் ஓடும் துண்டு), பின்னால் ஒரு பாட்டு. போட்டுப் பார்த்தால் தனக்கே பிடிக்கவில்லை என்கிறார். நல்ல கமரா வாங்கினால் சரியாகுமா, உங்கள் முதல் பயிற்சிகள் எப்படி இருந்தன அண்ணா என்று கேட்கிறார்.

தங்கச்சி, கமரா இப்போது வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் என் முதல் வருடப் பயிற்சிகளை ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 11. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்கூட வராது. பார்த்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முதல் ஆறிலும் ஆசிரியர் கேட்டது இல்லை. ஒரு ஷொட் கேட்டார், நான் ஒரு கதை கொடுத்திருக்கிறேன். ஒரு வேலையைக் காட்டச் சொன்னார், நான் தாய்மையைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் பாட்டு இருக்கிறது, கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வசனம் வருகிறது. பயிற்சியைச் சின்னக் குறும்படம் என்று நினைத்துவிட்டேன். பயிற்சி குறும்படம் இல்லை. அதற்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு, அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அது பதில் தேட வேண்டும். உங்கள் 31 ஷொட்டிலும் அதே பிழைதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் முதல் பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு ஷொட், ஒரு நிமிடம், கமரா அசையக் கூடாது, வெட்டக் கூடாது. உங்களுக்கும் இது வந்திருக்கும். சினிமா இப்படித்தான் தொடங்கியது. 1895இல் லூமியே சகோதரர்களின் கருவிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் பிலிம்தான் போகும், அது சுமார் 50 செக்கன் ஓடும். கமராவை எங்கே வைப்பது, எப்போது சுற்றத் தொடங்குவது, இந்த இரண்டு முடிவுக்கு மேல் அவர்களிடம் வேறெதுவும் இருக்கவில்லை. அந்த இரண்டையும் பழகத்தான் இந்தப் பயிற்சி.

நான் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடிக்குப் போனேன். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலம், கீழே வாவி. மாலை வெளிச்சம் நல்லாக இருந்தது. போனை ட்ரைபொட்டில் வைத்தேன். தோணியில் ஒருவர் வீச்சுவலை எறிய ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வலையை மடித்து ஒரு பகுதியை இடது தோளில் போட்டார், ஓர் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார், உடம்பைத் திருப்பி எறிந்தார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. ஈயக் குண்டுகள் தண்ணீரில் விழுகிற சத்தம் கரைவரை கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 34ஆவது செக்கனில் நிறுத்திவிட்டேன். முக்கியமானது முடிந்துவிட்டது என்று நினைப்பு. மீதி நேரத்தை நிரப்ப அதே ஷொட்டை மெதுவாக ஓட்டி, பாட்டையும் சேர்த்தேன்.

வகுப்பில் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி: “மீன் பட்டதா?”

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை. அடுத்த நாள் அதே நேரம் போய், அவரிடம் கேட்டு, முழுதாக ஒரு நிமிடம் ஓடவிட்டேன். எறிந்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை, வலை தாழட்டும் என்று அவர் நின்றார். அப்புறம் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வலையில் இலைக் குப்பை, ஒரு பொலித்தீன் பை, இரண்டு சின்ன மீன். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் விட்டார். அது 52ஆவது செக்கன். அந்த ஷொட்டில் எனக்குப் பிடித்த இடம் இன்றைக்கும் அதுதான். எறிந்ததோடு நிறுத்தியிருந்தால் அந்த மனிதரை நான் கண்டிருக்கவே மாட்டேன். அன்றிலிருந்து, முடிந்துவிட்டது என்று மனம் சொன்ன பிறகும் 15 செக்கன் விட்டுத்தான் நிறுத்துகிறேன். வெட்டும்போது ஷொட்டின் முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும் என்ற வசதியும் அதில் உண்டு.

இரண்டாவது பயிற்சி, ஒரு வேலையைப் பத்து ஷொட்டுக்குள் காட்டுவது. என் பெத்தா (பாட்டி) பிட்டு அவிக்கிறதை எடுத்தேன். இங்கேதான் தொழில்நுட்பம் என்னைப் பிடித்தது. எங்கள் குசினிக்கு ஒரே ஒரு ஜன்னல். பெத்தாவின் கை ஜன்னல் பக்கம் போனால் படம் இருள்கிறது, அடுப்புப் பக்கம் வந்தால் வெளுக்கிறது. போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தது. திரையில் முக்கியமான இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இன்னொன்று, டியூப் லைட்டின் கீழே எடுத்ததில் மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் ஓடின. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் விளக்கு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. பெரும்பாலான போன்கள் வாங்கும்போதே செக்கனுக்கு 30 பிரேமில் வைக்கப்பட்டிருக்கும், அதோடு ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம், 1/60 செக்கனில் நின்றால் விளக்கின் இந்த ஓட்டத்தோடு ஒத்துவராது. கையால் அமைக்கக்கூடிய கமரா செயலி ஒன்றைப் போட்டு, 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். வீட்டுக்குள் எடுப்பதில் பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஷொட்டில் மா வெள்ளையாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் இருக்கும்.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய பிழை வேறு. மா குழைக்கிறதை அகலமாக எடுத்த பிறகு, கையைக் கிட்டத்தில் எடுக்க மறந்துவிட்டேன். பிட்டை நீத்துப்பெட்டியில் வைத்து அவிய விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. “பெத்தா, மாவை இன்னொருக்கா குழைங்க” என்றேன். பெத்தா என்னைப் பார்த்தா. “அவிஞ்ச பிட்ட மறுகா எப்பிடி மனே குழைக்கிற?”

வேலைக்கு என்று ஓர் ஓட்டம் இருக்கிறது, அது நம் கமராவுக்காகத் திரும்பி வராது. அதனால் இப்போது ஒரு வேலையை எடுக்கப் போனால் முதல் தடவை கமராவைத் தொடுவதில்லை. பக்கத்தில் இருந்து பார்ப்பேன். எந்த இடத்தில் கை வேகமாகிறது, எங்கே நிற்கிறது, எங்கே ஆள் மூச்சு விடுகிறார் என்று கொப்பியில் எழுதுவேன். அடுத்த நாள்தான் எடுப்பேன். பெத்தா தேங்காய் துருவும்போது, சிரட்டை நெருங்கியதும் கை மெதுவாகிவிடும், சத்தமும் மாறும். அந்த மாற்றத்தில் வெட்டினால் வெட்டு கண்ணுக்கே தெரியாது. இதை எந்த எடிட்டிங் செயலியும் சொல்லித்தராது, பெத்தாவின் கைதான் சொல்லித்தந்தது.

குலெஷோவ் பயிற்சி உங்களுக்கு இனி வரும். சுமார் நூறு வருடத்துக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, அதே ஷொட்டை ஒரு சூப் கோப்பையோடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று மூன்றைக் கண்டார்கள். என் மச்சானை நிற்கவைத்து “கவலையாப் பார்” என்று நான் சொன்னதால் என்னுடையது கெட்டது. கவலையை முகத்தில் முதலே ஏற்றிவிட்டால் அடுத்த ஷொட்டுக்கு வேலையே இல்லை. கடைசியில் பயன்பட்டது, நான் “தொடங்கு” என்று சொல்வதற்கு முன், அவன் சும்மா ஆத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற எட்டு செக்கன். ஆகவே ஆளை ஆயத்தப்படுத்தும்போதே கமராவை ஓடவிடுங்கள், அதை அவரிடம் சொல்லிவிட்டும் செய்யுங்கள்.

இனி எனக்கு அதிகம் கற்றுத்தந்த பயிற்சிக்கு வருகிறேன். 180 பாகை விதி. இரண்டு பேருக்கிடையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள், கமரா அந்தக் கோட்டின் ஒரு பக்கத்திலேயே நிற்கட்டும், தாண்டினால் பார்க்கிறவருக்குத் திசை குழம்பும். எல்லாரும் மேசையில் இருவர் பேசுவதை எடுத்துக் கொடுத்தார்கள். நான் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் எங்கள் உறவுக்காரர் ஊருக்குப் போய், நம் பகுதிக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்துப் பழகுகிறதை எடுத்தேன்.

வட்டக்களரி தெரியும்தானே. சுற்றிவரச் சனம், நடுவில் ஆட்டம். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார், சல்லரி (தாளம்) போடுகிறவர் பக்கத்தில். ஆடுகிறவர்கள் வட்டமாகச் சுற்றி வருவார்கள். முதல் பாதியைக் கோயில் பக்கமிருந்து எடுத்தேன். பிறகு வேறு கோணம் வேண்டும் என்று எதிர்ப்பக்கம் போனேன். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால், அரசன் இடமிருந்து வலம் போய்க்கொண்டிருக்கிறான், வெட்டு விழுந்ததும் வலமிருந்து இடம் வருகிறான். பாதி வழியில் பயந்து திரும்பி ஓடுகிறவன் போல இருந்தது. போருக்குப் புறப்படுகிற அரசன்!

சரி, எதிர்ப்பக்க ஷொட்டுகளைத் தூக்கிவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று பார்த்தேன். அப்போதும் சரிவரவில்லை. யோசித்தால் காரணம் எளிது. வட்டமாகச் சுற்றுகிறவர் நமக்குக் கிட்டே வரும்போது ஒரு திசையில் போவார், களரியின் அந்தப் பக்கம் போனதும் எதிர்த் திசையில் போவார். நாம் நின்ற இடத்திலேயே நின்றாலும் திசை மாறும். நேரில் பார்க்கிறவருக்கு முழு வட்டமும் கண்ணில் இருப்பதால் குழப்பம் இல்லை. கிட்டத்தில் மார்பளவு ஷொட்டாக எடுத்தவுடன் வட்டம் போய்விடுகிறது, திசை மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டாம் தடவை போனபோது அண்ணாவியாரிடம் கேட்டேன், எந்தப் பக்கம் இருந்து எடுத்தால் நல்லது என்று. “கூத்துக்கு முன்பக்கம் எண்டு ஒண்டு இல்ல தம்பி” என்றார். நான் வகுப்பில் எழுதிய குறிப்பு எல்லாம் ஒரு முன்பக்கம் இருக்கிற இடத்துக்கானது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, அவர்களும் இதைத்தான் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். நாலு பக்கமும் பார்க்கிற ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற சனத்துக்குத் திருப்ப வேண்டும். ‘படச்சட்டம்’ என்ற சொல்லைப் பாருங்கள். நாம் கமராவைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அதே வேலையைத்தான் செய்கிறோம். கூத்து வளர்ந்த மண்ணில் சினிமா படிக்கிற நமக்கு இந்தப் பாடம் வாசலிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டு வேறெங்கேயோ தேடக் கூடாது என்பது என் எண்ணம்.

நான் கண்ட வழி இவ்வளவுதான். முதலில் உயரமான இடத்திலிருந்து முழுக் களரியையும் காட்டும் அகல ஷொட் ஒன்று, குறைந்தது 20 செக்கன். பார்க்கிறவர் மனதில் வட்டம் பதியட்டும். அப்புறம் பக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் நடுவில் திசையில்லாத ஒரு ஷொட்: மத்தளத்தில் விழும் கை, சதங்கை கட்டிய கால், நேரே கமராவை நோக்கி வரும் ஆட்டக்காரர். ஒரு தடவை கமராவைக் கையில் பிடித்தபடி நானே களரியைச் சுற்றி நடந்தேன். பார்க்கிறவரும் என்னோடு கோட்டைத் தாண்டிவிடுவதால் குழப்பமே வரவில்லை. விதியை எப்போது மீறலாம் என்று புத்தகத்தில் படித்தபோது விளங்காதது, அந்த ஒரு சுற்றில் விளங்கியது.

ஒரு பயிற்சியை மட்டும் நான் யாருக்கும் காட்டுவதில்லை. அதையும் சொல்ல வேண்டும். ‘நினைவு’ என்று தலைப்புத் தந்தார்கள். எங்கள் பகுதியில் 2004 டிசம்பர் 26ஐ விட்டு வேறு எதை நினைப்பது என்று, தெரிந்த ஒரு மாமியிடம் போனேன். கடற்கரையில் நிற்கச் சொன்னேன். கடலைப் பாருங்க என்றேன். கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க, வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்றேன். அவ எல்லாம் செய்தா. கடைசியில் “போதுமா தம்பி?” என்று கேட்டா. அந்தக் குரலும் பதிவாகியிருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன், வகுப்பில் இரண்டு பேர் அழுதார்கள், நான் பெருமைப்பட்டேன். இன்றைக்கு மூல ஷொட்டைக் கேட்கும்போது அந்தக் கேள்வி என்னை வதைக்கிறது. அவ கடலைப் பார்க்க விரும்பினாவா என்று நான் கேட்கவே இல்லை. உங்கள் வகுப்பிலும் யாராவது யுத்தத்தையும் சுனாமியையும் முதல் மாதத்திலேயே கையில் எடுப்பார்கள். எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நிமிடத்தில் நிறையச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் ஒருவருடைய துயரத்தைப் பின்னணியாக்கிவிட வேண்டாம். முதலில் அவரோடு தேத்தண்ணி குடியுங்கள், கமரா வீட்டில் இருக்கட்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சின்னதாகச் சொல்கிறேன். எழுவான்கரை, படுவான்கரை என்று நம் முன்னோர் வைத்த பெயரே திசைகாட்டி. கடல் பக்கம் விடியும், வாவிக்கு அப்பால் பொழுது படும். ஆகவே காலையில் கடற்கரையில் கடலைப் பார்த்து நிற்கிறவர் முகத்தில் வெளிச்சம் நேரே விழும், மாலையில் வாவிக்கரையில் நிற்கிறவரை நீங்கள் கிழக்கே இருந்து எடுத்தால் முகம் இருண்டு பின்னால் தண்ணீர் மின்னும். வருடம் முழுக்கப் பொழுது படுவது 5.40க்கும் 6.30க்கும் இடையில்தான். பட்டபின் கிடைக்கும் மென்வெளிச்சம் இருபது நிமிடத்துக்குள் போய்விடும். பொழுது முந்திப் படுகிற மாதங்களில் ஆறு மணிக்குத்தான் ட்ரைபொட்டை விரிக்கத் தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. நடுப்பகலில் கண்குழி கறுத்துவிடும், ஏப்ரல் முதல் பாதியில் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும்போது இன்னும் மோசம். அந்த நேரத்தில் மர நிழலிலோ திண்ணையிலோ எடுங்கள்.

கமரா வாங்குவது பற்றிக் கேட்டீர்கள். கையில் இருக்கிற போன் போதும். காசு இருந்தால் முதலில் ஆடாத ட்ரைபொட் ஒன்றும், சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றும் வாங்குங்கள். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் சனம் பார்க்கும், சத்தம் கெட்டால் பார்க்காது. ஆள் பேசுவதைத் திறந்த வெளியில் எடுக்கும்போது, தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும், காற்றும் பஸ் சத்தமும் அப்படியே இருக்கும். மைக் வாங்கும்வரை இன்னொரு போனைப் பதிவில் போட்டு ஆளின் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நம் வாவியின் பாடும் மீன் சத்தத்தைத் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்வார்கள் இல்லையா, சத்தத்துக்குக் கிட்டப் போவதென்றால் அதுதான். போன இடத்தில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தையும் பதிந்துகொள்ளுங்கள், வெட்டுகளை ஒட்ட அது வேண்டும். அப்புறம், எந்தப் பயிற்சியையும் அழிக்காதீர்கள். வெட்டியதை மட்டுமல்ல, மூல ஷொட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

உங்கள் பஸ் நிலைய வீடியோவுக்கு வருகிறேன். 31 ஷொட்டையும் பட்டியலாக எழுதி அனுப்பியிருந்தீர்கள், நல்ல வேலை. அதில் ஒன்பதாவது: “கடலை விற்கும் ஐயா காகிதம் சுருட்டுகிறார், 2 செக்கன்.” மற்ற முப்பதும் ‘காத்திருப்பு’ என்று நமக்குச் சொல்கின்றன. மணிக்கூடு, கடைசி பஸ், தூரத்தைப் பார்க்கும் பெண். இது ஒன்றில்தான் ஒருவர் உண்மையாகவே காத்திருக்கிறார். பஸ் வந்து நிற்க வேண்டும், ஜன்னலால் ஒரு கை நீள வேண்டும், அதுவரை அவருக்குச் சுருட்டுவதைத் தவிர வேலை இல்லை.

வருகிற சனிக்கிழமை அதே நேரம் போங்கள். முதலில் அவரிடம் பத்து ரூபாய்க் கணக்குப் பார்க்காமல் கடலை வாங்கிச் சாப்பிட்டு, எடுக்கலாமா என்று கேளுங்கள். ஓம் என்றால் ட்ரைபொட்டை அவர் இருக்கிற உயரத்துக்கு இறக்குங்கள். கையும் முகமும், பஸ் வந்து நிற்கிற இடத்தில் கொஞ்சமும் பிரேமுக்குள் வரட்டும். வெளிச்சத்தைப் பூட்டுங்கள். அடுத்த பஸ் வருவதற்கு முன் ஓடவிடுங்கள், அது போய் அவர் மறுபடி காகிதம் எடுக்கும்வரை நிறுத்த வேண்டாம். பாட்டுப் போடாமல் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.